கோட்டைக்குள் ஒரு விருந்து: அமெரிக்க மேற்கின் தட்டில் எது பழசு?

டென்வரிலிருந்து ராக்கி மலைப் பக்கமாகக் காரில் போனால் அரை மணி நேரத்தில் மாரிசன் என்ற சிற்றூர் வரும். அங்கே செம்பாறைகளுக்கு நடுவில் ஒரு மண்கோட்டை நிற்கிறது. தடித்த சுவர், மூலையில் காவல் கொத்தளம், பெரிய மரக்கதவு, நடுவில் திறந்த முற்றம். பார்ப்பவர்கள் இருநூறு வருடப் பழசு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது 1963-இல் திறந்த ஓர் உணவகம். பெயர் 'தி ஃபோர்ட்'. பைசன் என்ற காட்டுமாட்டின் ஸ்டேக் (தடிமனாக வெட்டிச் சுட்ட இறைச்சித் துண்டு), எல்க் மான் இறைச்சி, காடை, சுட்ட நல்லி எலும்பு, இளங்காளையின் விதைக்கொட்டை வறுவல் என்று அதன் சாப்பாட்டுப் பட்டியல் போகும். 1997 ஜூனில் டென்வரில் எட்டு நாட்டுத் தலைவர்கள் கூடிய உச்சி மாநாட்டின்போது, அதிபர் கிளின்டன் தன் விருந்தாளிகளுக்கு இரவுச் சாப்பாடு போட்ட இடம் இதுதான்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இப்படி 'பழைய மேற்கு' பாணி உணவகங்கள் நிறைய உண்டு. வாசலில் வண்டிச் சக்கரம், சுவரில் பாடம் செய்த மான் தலை, தகரத் தட்டு, கட்டம்போட்ட மேசைவிரிப்பு, கௌபாய் தொப்பி போட்ட பரிமாறுபவர். தட்டில் பெரிய ஸ்டேக், பக்கத்தில் பீன்ஸ், ரொட்டி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கே வந்து குடியேறியவர்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள் என்பதுதான் அந்த இடம் நமக்குச் சொல்லும் கதை. அந்தக் கதையை ஒவ்வொரு உணவாக எடுத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. தட்டின் நடுவில் இருக்கும் ஸ்டேக்தான் அதில் மிகப் புதியது. ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் பீன்ஸ், மிளகாய், சோளம், புளித்த மாவு ரொட்டி இவைதான் உண்மையில் பழையவை.

மாரிசன் கோட்டைக்கு ஓர் அசல் உண்டு. கொலராடோவின் தென்கிழக்கில், இன்றைய லா ஹன்டா நகருக்குப் பக்கத்தில், ஆர்கன்சா ஆற்றங்கரையில் 1833 வாக்கில் சார்லஸ் பென்ட், வில்லியம் பென்ட் என்ற சகோதரர்களும் செரான் செயின்ட் வ்ரெய்னும் சேர்ந்து ஒரு வணிகக் கோட்டை கட்டினார்கள். படைகள் தங்குவதற்கல்ல, வியாபாரத்துக்காகக் கட்டியது. அப்போது அந்த ஆறுதான் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லை. மிசூரியிலிருந்து சான்டா ஃபே போகும் நீண்ட வண்டிப்பாதை கோட்டை வழியாகப் போனது. செயென், அரபஹோ என்ற பூர்வகுடி மக்கள் உரோமத்தோடு பதப்படுத்திய பைசன் தோல்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு துணி, பாத்திரம், துப்பாக்கி வாங்கிப் போனார்கள். கட்டடத்துக்கு வேண்டிய சுடாத மண்கல்லை அறுத்தவர்கள் நியூ மெக்சிகோ தொழிலாளிகள். வில்லியம் பென்ட் கல்யாணம் செய்துகொண்டது ஆந்தைப் பெண் என்று பெயர் கொண்ட ஒரு செயென் பெண்ணை.

அந்த இடத்தில் என்ன சமைத்திருப்பார்கள் என்று யோசித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கிழக்கே செயின்ட் லூயியிலிருந்து காபி, சர்க்கரை, மது. தெற்கே நியூ மெக்சிகோவின் தாவோஸ் பள்ளத்தாக்கிலிருந்து கோதுமை மாவு, சோளம், பீன்ஸ், காய்ந்த மிளகாய், உலர்த்திய பூசணி. சுற்றியுள்ள புல்வெளியிலிருந்து பைசனும் மானும். கோட்டைக்கு இறைச்சி வேட்டையாடிக் கொடுக்கும் சம்பள வேலையில் 1840-களின் தொடக்கத்தில் கிட் கார்சன் இருந்தார். பின்னாளில் வழிகாட்டியாகவும் படைத்தலைவராகவும் நாடே அறிந்த பெயர் அது. கோட்டையில் பனிக்கட்டி சேமிக்கும் அறை இருந்தது, மயில்கள்கூட இருந்தன, மாடியறை ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேசை கிடந்தது. நடுக்காட்டில் வறுமையில் உழன்ற குடியிருப்பு என்ற படத்துக்கு இது எதுவும் பொருந்தாது.

சமையலறை சார்லட் கிரீன் என்ற கறுப்பினப் பெண்ணின் கையில் இருந்தது. அவரும் அவர் கணவர் டிக் கிரீனும் பென்ட் குடும்பத்தின் அடிமைகள். அந்த வழியாகப் போன பயணிகள் எழுதிவைத்த குறிப்புகளில் அவருடைய கைப்பக்குவத்துக்குத் தனி இடம் உண்டு. பல வாரம் வண்டியில் குலுங்கி வந்தவனுக்கு அவர் மேசையில் உட்காருவது எப்பேர்ப்பட்ட சுகம் என்பது அந்த வரிகளிலேயே தெரியும். 1847 ஜனவரியில் அமெரிக்க ஆட்சியை எதிர்த்துத் தாவோஸில் நடந்த கிளர்ச்சியில் சார்லஸ் பென்ட் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் போன படையில் டிக் சண்டை போட்டதால் அவர்கள் இருவருக்கும் விடுதலை கிடைத்தது. 'பழைய மேற்கு' என்று சொன்னதும் கண்முன் வருவது குதிரையில் வரும் வெள்ளைக்கார ஆண். ஆனால் அந்த மேற்கின் பேர்போன சமையல்காரர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இந்தப் பெண்.

அந்தப் பாதையில் வந்தவர்களில் சூசன் மகாஃபின் என்ற வியாபாரியின் மனைவியும் ஒருவர். 1846-இல் கோட்டையில் தங்கியிருந்தபோது, தன் பத்தொன்பதாவது பிறந்தநாளை ஒட்டி, அவருக்குக் கருக்கலைந்தது. அவருடைய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அதே ஆண்டு ஜேம்ஸ் ஏபர்ட் என்ற ராணுவ அதிகாரி நோயுற்று அங்கே தங்க வேண்டி வந்தது. படுத்த இடத்தில் சும்மா இருக்காமல் கோட்டையை அளந்து படம் வரைந்துவைத்தார். 1849-இல் கோட்டை கைவிடப்பட்டுச் சிதைந்த பிறகு, அது எப்படி இருந்தது என்பதற்கு முக்கியமான சான்று அந்தப் படங்கள்தான். தேசியப் பூங்காத் துறை 1976-இல் பழைய இடத்திலேயே கோட்டையை மறுபடி எழுப்பியதும் அவற்றை வைத்துத்தான்.

அரசாங்கத்துக்கு ஏறக்குறைய பதின்மூன்று வருடம் முன்னாடியே அதே கோட்டையை மாரிசனில் கட்டி முடித்தவர் சாம் ஆர்னால்ட். விளம்பரத் துறையில் இருந்தவர். மண்வீடு ஒன்று கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பது அவருக்கும் மனைவிக்கும் ஆசை. பென்ட் கோட்டையின் படத்தைப் பார்த்ததும் அதையே கட்டுவது என்று முடிவாகிவிட்டது. நியூ மெக்சிகோவிலிருந்து ஆட்கள் வந்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்கற்களைக் கையால் அறுத்தார்கள். செலவு கைமீறியது. கடன் வேண்டுமானால் அங்கே ஏதாவது தொழில் நடக்க வேண்டும் என்ற நிலை. அதனால் கீழே உணவகம், மாடியில் குடும்பம். முற்றத்தில் சிஸ்ஸி என்ற கறுப்புக் கரடியையும் வளர்த்தார்கள்!

ஆர்னால்ட் மற்றவர்களிடமிருந்து வேறுபடும் இடம் இனிமேல்தான். கட்டடம் அசலைப் போல இருந்தால் போதும், தட்டில் ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும் வைத்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. பயணிகளின் நாட்குறிப்பு, கடிதம், பழைய சமையல் குறிப்பு என்று தேடித்தேடிப் படித்து, 2006-இல் சாகும்வரை அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தார். கிட் கார்சனின் மனைவி பெயரில் ஒரு சூப் அங்கே பேர்போனது. கோழி, சோறு, கொண்டைக்கடலை, புகையில் உலர்த்திய மிளகாய், அவகாடோ எல்லாம் போட்டது. கார்சனின் மனைவி ஹோசெஃபா ஹராமில்யோ தாவோஸைச் சேர்ந்த பெண். இன்று நாம் மெக்சிகோச் சாப்பாடு என்று தனியாகப் பிரித்துவைக்கும் அந்தக் கிண்ணம், அன்று ஒரு மேற்கத்திய வீரனின் வீட்டுச் சாப்பாடு. நடுவில் வேர்க்கடலை வெண்ணெய் அடைத்த ஹலப்பேன்யோ மிளகாய் வேறு உண்டு. முதலில் கேட்கும்போது திகைப்பாக இருக்கும், வாயில் போட்டதும் காரமும் கொழுப்பும் சரியாகச் சேரும்.

அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பைசனின் கால் எலும்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உப்புத் தூவி, நல்ல சூட்டில் சுட்டுக் கொண்டுவருவார்கள். உள்ளே நல்லி லேசாகக் கொதித்து ஓரங்களில் பழுப்பேறியிருக்கும். சிறு கரண்டியால் வழித்து ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும். புல்வெளியில் வேட்டையாடியவர்கள் இதை வெண்ணெய்க்குச் சமமாக வைத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. காட்டு இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. நாள் முழுக்க அதை மட்டுமே தின்பவனுக்கு வயிறு நிறையும், உடம்பில் தெம்பு தங்காது. ஆகவே நல்லி, நாக்கு, தோளுக்கு மேலிருக்கும் திமில் என்று கொழுப்புள்ள பாகங்களுக்குத்தான் போட்டி. செயென் மக்கள் உட்பட சமவெளி மக்கள் இதைப் பல தலைமுறையாக அறிந்திருந்தார்கள். காய்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பு சேர்த்து உருட்டிவைக்கும் பெமிக்கன் அந்த அறிவில் பிறந்ததுதான். மேற்கே வந்த வெள்ளையர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள்.

பைசன் தட்டுக்குத் திரும்பிவந்த கதை சாதாரணமானதல்ல. அதை அங்கே பஃபலோ என்றே கூப்பிடுவார்கள். நம் எருமைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. கோடிக்கணக்கில் மேய்ந்த விலங்கு அது. 1871 வாக்கில் அதன் தோலைத் தொழிற்சாலைக்கு ஏற்ற கெட்டித் தோலாகப் பதனிடும் முறை வந்தது, ரயிலும் வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேட்டைக்காரர்கள் தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே அழுக விட்டுப் போனார்கள். 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எடுத்த கணக்கில் காட்டிலும் கூண்டிலும் சேர்த்து மொத்தமே 1,091 தான் மிஞ்சியிருந்தன. பைசனை நம்பி வாழ்ந்த மக்களின் சாப்பாடு, உடை, கூடாரம் எல்லாமே அதோடு போயிற்று. இன்று பல லட்சம் பைசன் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளில் இறைச்சிக்காக வளர்ப்பவை. 2016-இல் அது அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாக அறிவிக்கப்பட்டது. வாங்கிச் சாப்பிட ஆள் இருப்பதால்தான் பண்ணையில் வளர்க்கிறார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால் இந்த ஒரு இறைச்சியைச் சாப்பாட்டுப் பட்டியலில் பார்க்கும்போது எனக்கு நெருடல் இல்லை.

சரி, கௌபாய்க்கு வருவோம். டெக்சஸிலிருந்து இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கேன்சஸின் ரயில் நிலையங்களுக்குப் போகும் பயணம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கூட வரும் சாப்பாட்டு வண்டியை 1866-இல் வடிவமைத்தவர் சார்லஸ் குட்நைட். பழைய ராணுவ வண்டியின் பின்பக்கம் அறைகள் வைத்த ஓர் அலமாரி. அதன் கதவைக் கீழே இறக்கிக் கால் ஊன்றினால் அதுவே சமையல் மேசை. அறைகளில் மாவு, பீன்ஸ், காபி, சர்க்கரை, உப்புப்போட்ட பன்றி இறைச்சி, உலர்ந்த பழம், மருந்துப் புட்டி. வண்டியின் உயிர் என்று சொல்ல வேண்டியது புளித்த மாவுச் சட்டி. நம் வீட்டில் பழைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் புது மாவைப் புளிக்க வைப்பது போலத்தான் இதுவும். குளிரில் மாவு செத்துவிடக்கூடாது என்று சமையல்காரர் இரவில் சட்டியைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். விடியற்காலையில் எழுந்து, கனமான இரும்புப் பானையில் மாவு உருண்டைகளை அடுக்கி, மூடியின் மேலும் கனல் அள்ளிப் போட்டுச் சுட்டெடுப்பார். அந்த மூடிக்கு ஓரம் மேலெழும்பி இருப்பதே கனல் சரியாமல் இருக்கத்தான்.

ஸ்டேக் எங்கே? அநேகமாக இல்லை. ஓட்டிப் போகும் மாடு முதலாளியின் பணம். டெக்சஸில் சில டாலருக்குக் கிடைத்த மாடு வடக்கே அதைப்போலப் பல மடங்கு விலை போனது. கால் உடைந்தோ நோஞ்சானாகவோ பின்தங்கும் மாட்டை அடித்தால் உண்டு. அதுவும் நூற்றுக்கணக்கான மைல் நடந்து முறுகிய தசை, வறுப்பதைவிட வேகவைப்பதுதான் வழி. கௌபாய் தினமும் சாப்பிட்டது பீன்ஸ், ரொட்டி, பன்றி இறைச்சி, திக்கான காபி. அவர்களில் கணிசமானவர்கள் கறுப்பினத்தவர், மெக்சிகர். மாடு மேய்க்கும் தொழிலையும் கயிறு வீசும் வித்தையையும் வகேரோ எனப்படும் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றார்கள். பீன்ஸில் மிளகாய் வந்த வழியும் அதுதான். (நம் ஊருக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர், செடி பிறந்தது அதே அமெரிக்கக் கண்டத்தில்.)

இன்று கத்தி வைத்தால் நழுவும் ஸ்டேக்குக்கு வேறு ஒரு வரலாறு இருக்கிறது. 1870-களின் இறுதியில் குளிரூட்டிய ரயில் பெட்டி வந்தது. நீளக்கொம்பு மாடுகளுக்குப் பதில் ஹெர்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் இனங்கள் வந்தன. மாட்டைக் கொட்டடியில் நிறுத்திச் சோளம் போட்டுக் கொழுக்க வைப்பது பெருகியது. தசைக்குள் கொழுப்பு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து அரசாங்கம் தரம் பிரிக்கத் தொடங்கியது 1927-இல். டெக்சஸின் வடக்குப் பகுதியில் ராட்சத மாட்டுக் கொட்டடிகள் வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின். அதே பகுதியில்தான் அமரில்லோவின் 'பிக் டெக்சன்' உணவகம் இருக்கிறது. 72 அவுன்ஸ், அதாவது இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்டேக்கை, இறால், உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டியோடு ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் காசு வேண்டாம் என்பது அங்கே பந்தயம். 1960-இல் 66-ஆம் நெடுஞ்சாலையில் தொடங்கி, பிறகு புதிய நெடுஞ்சாலைக்கு இடம் மாறிய கடை அது. மலிவான மாட்டிறைச்சியும் காரும் சேர்ந்து உருவாக்கிய விருந்து என்று அதைச் சொல்வேன். கௌபாய் காலத்தில் அது நடந்திருக்க முடியாது.

கையில் காசு புரண்ட அன்றைய மேற்கத்தியர்கள் எதற்கு ஏங்கினார்கள் தெரியுமா? சிப்பிக்கு. கிழக்குக் கடற்கரையிலிருந்து தகர டப்பாவில் வந்த சிப்பி, சுரங்க முகாம்களிலும் மாடுகளை ரயிலேற்றும் ஊர்களிலும் அமோகமாக விற்றது. தங்கம் கிடைத்த கலிபோர்னியாவின் பிளாசர்வில்லில் முட்டையும் சிப்பியும் பன்றி இறைச்சியும் சேர்த்துப் பொரித்த ஓர் உணவே பிறந்தது. டப்பாவில் அடைத்த பீச் பழமும் தக்காளியும் கௌபாய்களுக்குப் பெரிய விருந்து. 1876-இல் பிரெட் ஹார்வி ரயில் நிலையங்களில் உணவகம் தொடங்கியபோது, மேற்கே போகும் பயணிகளுக்கு வெள்ளை மேசைவிரிப்பும் பீங்கான் தட்டும் போட்டார். மேற்கில் நல்ல சாப்பாடு என்றால் அன்றைக்கு அது கிழக்கைப் போல இருக்க வேண்டும். கரடுமுரடாக இருப்பதே அழகு என்ற ரசனை வந்தது பிறகுதான்.

எப்போது வந்தது? குடியேற்றம் இன்னும் எட்டாத எல்லைப்புறம் என்று தனியே கோடு போட இனி இடமில்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. 1893-இல் வரலாற்றாசிரியர் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் சிகாகோவில் அதை வைத்துத் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அதே வருடம் அதே ஊரில், உலகக் கண்காட்சிக்குப் பக்கத்து மைதானத்தில், பஃபலோ பில் என்ற காட்சிக் கலைஞர் தன் 'வைல்ட் வெஸ்ட்' காட்சியை நடத்தினார். டென்வரில் பக்ஹார்ன் எக்ஸ்சேஞ்ச் என்ற உணவகம் திறந்ததும் அதே 1893-இல்தான். சுவர் முழுக்கப் பாடம் செய்த விலங்குத் தலைகளோடு இன்றும் நடக்கிறது. கண்முன் இருந்த காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததுமே அதைக் காட்சிப்பொருளாக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் கலிபோர்னியாவில் கோர்டீலியா நாட் என்ற பெண் 1934-இல் கோழிக்கறிச் சாப்பாடு போடத் தொடங்கினார். கூட்டம் வரிசையில் மணிக்கணக்கில் நின்றது. நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவர் கணவர் வால்டர் 1940-இல் பழைய சுரங்க ஊரைப் போல ஒரு தெருவைக் கட்ட ஆரம்பித்தார். 'பழைய மேற்கு' அலங்காரத்தோடு சாப்பாட்டைச் சேர்த்து விற்றதில் இது முன்னோடி. 1950-களின் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாலை வேளையில் இருபதுக்கும் மேற்பட்ட கௌபாய் தொடர்கள் ஓடின. 1957-இல் அரிசோனாவில் பினக்கிள் பீக் பேட்டியோ, 1960-இல் பிக் டெக்சன், 1963-இல் தி ஃபோர்ட் என்று வரிசையாக வந்த உணவகங்கள் அந்தக் காற்றில் முளைத்தவை. தொடர்களைப் பார்த்து வளர்ந்த குடும்பங்கள் புது நெடுஞ்சாலைகளில் காரில் வந்து இறங்கின.

எந்த அலங்காரமும் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், அமைதியாகத் தங்கியிருந்த செயென், அரபஹோ மக்கள் மீது ராணுவம் பாய்ந்தது. 150-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அந்த முகாமில் வில்லியம் பென்டின் பிள்ளைகள் ஜார்ஜும் சார்லஸும் இருந்தார்கள். இன்னொரு பிள்ளை ராபர்ட்டைத் துப்பாக்கி முனையில் வழிகாட்டச் சொல்லிக் கூட்டிவந்திருந்தது படை. கோட்டைக்காக வேட்டையாடிய அதே கிட் கார்சன், 1863-64-இல் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் சோளக்கொல்லைகளையும் பீச் மரங்களையும் அழித்து அவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைத்த படைக்குத் தலைமை தாங்கினார். பல நூறு மைல் நடத்திக் கொண்டுபோய் முகாமில் அடைத்த அந்த மக்களுக்கு அரசு கொடுத்த மாவும் பன்றிக் கொழுப்பும்தான் பொரித்த ரொட்டியாக ஆனது. 'பூர்வகுடி ரொட்டி' என்று இன்று கடைகளில் கிடைக்கும் உப்பலான அந்தப் பண்டம் பிறந்த இடம் அது. தன் கதையைச் சொல்லும் எந்த உணவகமும் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சொல்லும் இடங்களும் வந்துவிட்டன. மினியாபொலிஸில் லகோட்டா பூர்வகுடியைச் சேர்ந்த சமையல்காரர் ஷான் ஷெர்மன் 2021-இல் தொடங்கிய ஓவாம்னி என்ற உணவகத்தில் கோதுமை கிடையாது, பால் பொருள் கிடையாது, கரும்புச் சர்க்கரை, மாடு, பன்றி, கோழி எதுவும் கிடையாது. வெள்ளையர் கொண்டுவந்த பொருள்களை எடுத்துவிட்டு பைசன், மான், சோளம், பீன்ஸ், பூசணி, காட்டரிசி இவற்றை வைத்தே சமைக்கிறார்கள். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த புதிய உணவகம் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பட்டியலையும் மாரிசன் கோட்டையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் பொதுவாக மிஞ்சுபவை பைசன், மான், சோளம், பீன்ஸ். மாட்டு ஸ்டேக் அந்த வரிசையில் வராது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பைசனில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். முழுக்க வேகவைக்கச் சொன்னால் கட்டையாகிவிடும், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு பைசனும் மாட்டினம்தான். காடையும் ஆற்று மீனும் இருக்கிறதா என்று பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பீன்ஸ் சைவம் என்று நம்பிவிட வேண்டாம், பல இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள், பச்சைமிளகாய்க் குழம்பிலும் பன்றி இருக்கும். பரிமாறுபவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் லா ஹன்டாவுக்கும் போய்வாருங்கள், டென்வரிலிருந்து மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கே தேசியப் பூங்காத் துறை எழுப்பியிருக்கும் கோட்டையில் சார்லட் கிரீனின் சமையலறையையும் அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.